கேலரி வழியாகப் படைப்புகளை விற்கும் கலைஞர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியமோ சிற்பமோ அச்சோ புகைப்படமோ, கேலரிகள் பெரும்பாலும் படைப்பைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதில்லை. உங்களிடமிருந்து பெற்று மாட்டி வைக்கின்றன. விற்றால் கமிஷன் போக மீதி உங்களுக்கு. விற்காவிட்டால் படைப்பு உங்களிடமே திரும்பும். இதற்குத்தான் கன்சைன்மென்ட் என்று பெயர். நேர்மையான கேலரி அமைந்தால் இது நல்ல ஏற்பாடு. பல கலைஞர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. ஆனால் படைப்பும் கேலரி கையில், விற்ற பணமும் முதலில் கேலரி கையில். அந்த இடைவெளியில்தான் கலைஞர்கள் அடிபடுகிறார்கள். புதிதாகக் கேலரிக்குப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேலரியிடம் கொடுத்த பிறகு படைப்பு யாருடையது?

உங்களுடையதுதான். வாங்குபவர் முழுப் பணமும் செலுத்தும் வரை உரிமை உங்களிடமே இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கேலரி உங்கள் சார்பில் விற்றுத் தரும் முகவர். உரிமை உங்களிடமிருந்து நேராக வாங்குபவருக்குப் போகிறது.

இதிலிருந்து இன்னொன்று தானாகவே வருகிறது. விற்பனையில் வரும் பணத்தில் உங்கள் பங்கு கேலரியின் பணம் அல்ல. உங்களுக்காக அவர்கள் கையில் இருக்கும் பணம். "ஓவியம் போய்விட்டது, இந்த மாதம் வாடகை கொஞ்சம் நெருக்கடி, அடுத்த மாதம் பார்த்துத் தருகிறோம்" என்று ஒரு கேலரி சொன்னால், உங்கள் பணத்தில் அவர்கள் வாடகை கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்பதற்குக் கலைஞர்கள் கூச்சப்படுகிறார்கள், கடன் கேட்பது போல. கடன் கொடுத்து உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தான், அதுவும் உங்களைக் கேட்காமலே வாங்கிய கடன்.

என்னுடையது என்று சட்டமே சொல்லும்போது எழுத்து எதற்கு? நல்ல மனிதர்கள்தானே?

நல்ல மனிதர்கள்தான். என்னுடைய நான்கு ஓவியங்களை வாங்கி வைத்த கேலரிக்காரரும் நல்ல மனிதர். இரண்டு ஆண்டுகள் கழித்து இடம் மாறியபோது அங்கே வேலை செய்தவர்களும் மாறிவிட்டார்கள். நான் போய்க் கேட்டபோது, "உங்களுடையது மூன்றுதானே இருக்கிறது?" என்றார்கள். நான்காவது விற்றதா, தொலைந்ததா, வேறு யாருடைய கணக்கிலாவது ஏறியதா என்று இன்றுவரை தெரியாது. நான் நான்கு கொடுத்தேன் என்பதற்கு என் ஞாபகத்தைத் தவிர எதுவும் இல்லை. யாரும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. ஒரு தாள் இருந்திருந்தால் போதும்.

சட்டக் காரணமும் ஒன்று உண்டு, இது பலருக்குத் தெரியாது. ஒரு பொருளை அந்த வகைப் பொருளையே விற்கும் வியாபாரியிடம் நீங்களாக ஒப்படைத்தால், அவர் உங்கள் பேச்சை மீறி விற்றாலும், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உரிமை போய்விடக்கூடும். இங்கிலாந்தின் 1889ஆம் ஆண்டு முகவர் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. அந்தச் சட்டப்படி அடகு வைத்தால்கூட நிலைமை அதுவே. அமெரிக்க வணிகச் சட்டத்திலும் இதையொத்த விதி இருக்கிறது. "பத்தாயிரத்துக்குக் குறைந்து விற்காதே என்றேன், நான்காயிரத்துக்கு விற்றுவிட்டார்" என்று வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. உங்கள் வழக்கு கேலரி மீதுதான். என்ன விலைக்குச் சம்மதித்தீர்கள் என்பதற்கு எழுத்து இல்லையென்றால் அந்த வழக்கும் நிற்பது கடினம்.

கேலரி திவாலாகிவிட்டால் என் படைப்புகள் என்ன ஆகும்?

பதில் நாட்டுக்கு நாடு மாறும். அதனால்தான் கேலரி இருக்கும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பொதுவான ஆபத்து இதுதான்: கேலரி வங்கியில் கடன் வாங்கியிருக்கும். கடையில் உள்ள சரக்கு முழுவதும் அதற்கு ஈடு. கேலரி கவிழ்ந்தால் வங்கி வந்து பார்க்கும்போது சுவரில் தொங்கும் உங்கள் ஓவியமும் சரக்காகத்தான் தெரியும். அது உங்களுடையது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

அமெரிக்காவில் 2007இல் நடந்ததைச் சொன்னால் புரியும். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் சலாண்டர் ஓ'ரெய்லி என்று பெரும் பெயர் பெற்ற கேலரி. அந்த ஆண்டு அக்டோபரில் நீதிமன்ற உத்தரவால் பூட்டப்பட்டது, அடுத்த மாதமே திவால். நம்பி ஒப்படைத்த படைப்புகளை உரிமையாளர்களுக்குச் சொல்லாமல் விற்றது, பணத்தைத் தராமல் வைத்துக்கொண்டது, ஒரே படைப்பில் பலருக்குப் பங்கு விற்றது என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஸ்டூவர்ட் டேவிஸ் என்ற ஓவியரின் மகன் தன் தந்தையின் படைப்புகளை அங்கே ஒப்படைத்திருந்தார். நடிகர் ராபர்ட் டி நீரோவின் தந்தையும் ஓவியர். அவருடைய படைப்புகளும் அங்கே இருந்தன. கேலரி உரிமையாளர் லாரன்ஸ் சலாண்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2010இல் ஆறு முதல் பதினெட்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை பெற்றார். தண்டனை கிடைத்தது, சரி. போன படைப்புகளைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பெயரும் புகழும் பெரிய வாடிக்கையாளர்களும் உள்ள கேலரி என்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் கலைஞர்களுக்கு ஆதரவான சட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. நியூயார்க் மாநிலம் 1966லேயே ஒரு விதி கொண்டுவந்தது: கலைஞர் கேலரியிடம் ஒப்படைத்த படைப்பு அறங்காவல் சொத்து (அதாவது கலைஞருக்காகக் கேலரி பாதுகாத்து வைத்திருப்பது), விற்ற பணம் அறங்காவல் நிதி, கேலரியின் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. கேலரியே அந்தப் படைப்பை வாங்கிக்கொண்டாலும், கலைஞருக்கு முழுப் பணம் போய்ச் சேரும் வரை அந்த நிலை மாறாது. சலாண்டர் விவகாரத்துக்குப் பின் 2012இல் இதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். மீறினால் குற்ற வழக்கும் வரும் என்று ஆனது. வேறு பல அமெரிக்க மாநிலங்களிலும் இப்படிப்பட்ட சட்டங்கள் உண்டு.

இந்தப் பாதுகாப்பு கலைஞருக்கானது. படைப்பை விலைக்கு வாங்கி, பிறகு கேலரி மூலம் விற்க நினைக்கும் சேகரிப்பாளருக்கு அது அப்படியே கிடைக்காது. அதே கேலரியில் ஒரு சேகரிப்பு நிறுவனம் ஒப்படைத்திருந்த, பழைய இத்தாலிய ஓவியர் போட்டிச்செல்லியின் ஓவியம் யாருக்கு என்ற வழக்கு, அந்த நிறுவனம் முறைப்படி பதிவு செய்யவில்லை என்ற காரணத்தைச் சுற்றிப் பல ஆண்டுகள் இழுத்தது.

என்ன பதிவு அது? நானும் செய்ய வேண்டுமா?

அமெரிக்காவில் யு.சி.சி.-1 என்று ஒரு படிவம் இருக்கிறது. 'இந்தக் கேலரியிடம் இருக்கும் இந்தப் பொருள்களில் எனக்கு உரிமை உண்டு' என்று ஊருக்கு அறிவிப்பது போன்றது. கேலரி எந்த மாநிலத்தில் பதிவானதோ அங்கே தாக்கல் செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். படைப்பை அனுப்புவதற்கு முன்பே தாக்கல் செய்வது முக்கியம். கேலரிக்குச் சரக்கின் பேரில் கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதற்கும் முன்கூட்டியே தகவல் தர வேண்டும்.

அமெரிக்கக் கேலரிக்கு விலைமதிப்புள்ள படைப்புகளை அனுப்புகிறவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். வேறு பல நாடுகளில் இப்படிப்பட்ட பதிவு கிடையாது. அங்கே உங்களுக்குத் துணை ஒப்பந்தமும் பட்டியலும் படங்களும்தான். எந்த நாடானாலும், எல்லா நல்ல படைப்புகளையும் ஒரே கேலரியில் குவிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

முதலில் பட்டியல். ஒப்பந்தத்தைவிடப் பட்டியல்தான் அதிகம் காப்பாற்றியிருக்கிறது என்பது என் அனுபவம். ஒவ்வொரு படைப்புக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, அச்சோ வார்ப்போ புகைப்படமோ என்றால் பதிப்பு எண் (மொத்த நகல்களில் இது எத்தனையாவது), விற்பனை விலை, உங்கள் கைக்கு வர வேண்டிய தொகை, ஒப்படைக்கும்போது இருந்த நிலை. முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து, நான்கு மூலைகள் என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமின் மூலையும் முக்கியம். சேதம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பட்டியலில் கேலரியின் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் படைப்பை இறக்கி வைக்காதீர்கள். பிறகு அனுப்பும் ஒவ்வொரு படைப்புக்கும் அதே முறை. முதல் கண்காட்சிக்குக் கச்சிதமாகப் பட்டியல் போட்டவர்கள், "இன்னும் ரெண்டு இருந்தா கொடுங்களேன்" என்று கேலரி கேட்கும்போது காரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தொலைவது அந்த இரண்டுதான்.

ஒப்பந்தத்தில், முழுப் பணம் கைக்கு வரும் வரை உரிமை கலைஞருக்கே என்ற வரி முதலில் வர வேண்டும். அடுத்து காலம்: ஆறு மாதமோ ஓராண்டோ, முடிவு தேதி இருக்கட்டும். 'இரு தரப்பும் விரும்பும் வரை' என்று எழுதினால் அது முடிவதே இல்லை. முப்பது நாள் முன்னறிவிப்பில் நீங்கள் படைப்புகளைத் திரும்பப் பெறலாம் என்றும், திரும்பி வரும் செலவு யாருடையது என்றும் எழுதுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு கேலரிக்கோ, ஒரு வாடிக்கையாளர் வீட்டில் 'மாட்டிப் பார்ப்பதற்கோ' படைப்பை அனுப்பக் கூடாது. அப்படி அனுப்ப நீங்கள் ஒப்புக்கொண்டாலும் இரண்டாவது கேலரியின் கமிஷன் முதல் கேலரியின் கமிஷனுக்குள்ளிருந்துதான் போக வேண்டும், உங்கள் பங்கிலிருந்து அல்ல. கேலரி தானே வாங்கிக்கொள்ள விரும்பினால் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். எந்த ஊர்ச் சட்டம் செல்லும் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

கமிஷன் எவ்வளவு நியாயம்? தள்ளுபடி கொடுத்தால் நஷ்டம் யாருக்கு?

நாற்பது முதல் ஐம்பது சதவீதம் வரை பரவலான வழக்கம். ஐம்பது என்று கேட்டதும் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரம், திறப்பு விழா, வாடிக்கையாளர் தொடர்பு எல்லாம் உண்மையாகவே செய்யும் கேலரிக்கு அது தகும் என்று நான் நம்புகிறேன். சண்டை போட வேண்டிய இடம் சதவீதம் அல்ல, அது எந்தத் தொகையின் மேல் என்பது.

விலை 1,000, கமிஷன் பாதி என்று வைத்துக்கொள்வோம். கேலரி இருபது சதவீதம் தள்ளி 800க்கு விற்கிறது. விற்ற தொகையில் பாதி என்று எழுதியிருந்தால் இருவருக்கும் 400. பட்டியல் விலையில் பாதி கேலரிக்கு என்று எழுதியிருந்தால் கேலரிக்கு 500, உங்களுக்கு 300. பட்டியல் விலையில் பாதி கலைஞருக்கு என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 500, கேலரிக்கு 300. ஒரே ஒரு சொல் மாறுகிறது, உங்கள் கைக்கு வருவதில் 200 மாறுகிறது. என் யோசனை: பத்து சதவீதம் வரை தள்ளுபடியைச் சமமாகப் பங்கிடுவது, அதற்கு மேல் போனால் உங்களைக் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்குவது.

சிற்பிகளும் விலை உயர்ந்த ஃப்ரேம் போடுகிறவர்களும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெண்கல வார்ப்புக்கு 300 செலவழித்து 1,000க்கு விற்றால், நேராகப் பாதி போடும்போது கேலரிக்கு 500. உங்களுக்கும் 500, ஆனால் அதில் 300 ஏற்கெனவே வார்ப்புப் பட்டறைக்குப் போய்விட்டது, மிச்சம் 200. வார்ப்புச் செலவை முதலில் கழித்துவிட்டு மீதி 700ஐப் பங்கிட்டால் இருவருக்கும் 350. கேட்டால் பல கேலரிகள் ஒத்துக்கொள்கின்றன. கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை.

பணம் எத்தனை நாளில் வர வேண்டும்?

கேலரி கைக்குப் பணம் வந்து முப்பது நாளுக்குள் என்று எழுதுங்கள். கூடவே விற்பனை பில்லின் நகல், அல்லது விற்ற தேதியும் விலையும் தள்ளுபடியும் குறித்த கணக்குத் தாள்.

வாங்குபவர் தவணையில் செலுத்தினால் வரும் ஒவ்வொரு தொகையும் முதலில் உங்கள் பங்கைத் தீர்க்கட்டும், கமிஷன் பிறகு. அதற்கு ஒப்பாவிட்டால் ஒவ்வொரு தவணையையும் அதே விகிதத்தில் பிரிக்கட்டும். கேலரி தன் கமிஷனை முழுசாக எடுத்துக்கொண்ட பிறகு வாங்குபவர் தவணையை நிறுத்திவிட்டால் உங்களுக்குப் படைப்பும் இல்லை, பணமும் இல்லை. எந்தத் தவணை முறையிலும் கடைசித் தவணை வரும் வரை படைப்பு கேலரியை விட்டு வெளியே போகாமல் இருப்பதே நல்லது.

வாங்கியவர் யார் என்று கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். பத்தாண்டு கழித்து ஒரு பெரிய கண்காட்சிக்கு அந்த ஓவியத்தைக் கடனாகக் கேட்க, நூலில் சேர்க்க நல்ல படம் எடுக்க, பழுதுபார்ப்பவர் கேட்கும்போது பதில் சொல்ல, அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மறுவிற்பனைப் பங்கு உள்ள நாடுகளில் பணத்துக்கும் இது தேவை. பிரான்ஸ் 1920லேயே, படைப்பு மறுபடி விற்கும்போது கலைஞருக்கு ஒரு பங்கு என்று சட்டம் செய்தது. பிரிட்டனில் 2006இல் வந்தது.

கேலரிகள் பெயர் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் உண்டு: அடுத்த ஓவியத்தை நீங்கள் நேராக அவரிடம் விற்றுவிடுவீர்களோ என்ற பயம். அது நியாயமான பயமே. அந்த வாடிக்கையாளருக்கு ஓராண்டுக்குள் நேரடியாக விற்றாலும் கமிஷன் தருகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், சொன்னபடி நடங்கள். பெரும்பாலும் கதவு திறந்துவிடும்.

படைப்பு சேதமானால்?

கேலரி பெற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து திருப்பிக் கொடுக்கும் வரை பொறுப்பு கேலரியுடையது என்று எழுதுங்கள். காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். பாலிசியின் நகலைக் கேளுங்கள். கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு, பிறருக்குச் சொந்தமான கலைப்பொருள்களைச் சேர்க்காத பாலிசிகளை நான் பார்த்திருக்கிறேன். இழப்பு நேர்ந்தால் உங்கள் பங்குக்குக் குறையாத தொகை உங்களுக்கே வர வேண்டும். போக்குவரத்தின்போது யார் காப்பீடு என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனி வரி.

சேதமான படைப்பை உங்களைக் கேட்காமல் யாரும் பழுதுபார்க்கக் கூடாது. நல்லது செய்வதாக நினைத்துக் கீறலின் மேல் வண்ணம் தொட்டு வைத்த ஓவியம் ஒன்றைப் பார்த்தபோது, அந்தக் கீறலைவிட அதுதான் எனக்கு வலித்தது.

பிரத்யேக உரிமை, அதாவது வேறு யார் மூலமும் விற்கக் கூடாது என்று, கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கேலரி உங்களுக்காக என்ன செய்யப்போகிறது என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒரு தனிக் கண்காட்சி, ஒரு நூல் என்று உறுதி இருந்தால் கொடுக்கலாம். அப்போதும் ஒரு நகரத்துக்கு, ஓர் ஊடகத்துக்கு, ஒரு காலத்துக்கு என்று எல்லை போடுங்கள். உங்கள் பட்டறையில் நேராக நடக்கும் விற்பனை, உங்கள் சொந்த இணையப் பக்க விற்பனை, நண்பருக்குக் கொடுக்கும் பரிசு, முன்பே பேசி வைத்த உருவப்படம் ஆகியவற்றுக்குக் கமிஷன் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: பட்டறையில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்று வைப்பது உங்கள் வாடிக்கையாளரையும் கெடுக்கும், கேலரியையும் கெடுக்கும்.

ஓவியத்தை விற்றால் பதிப்புரிமையும் போய்விடுமா?

போகாது. கேன்வாஸ் போகிறது, நகலெடுக்கும் உரிமை நீங்கள் எழுதிக் கொடுக்காத வரை உங்களிடமே. கேலரிக்கு விளம்பரத்துக்கும் கண்காட்சி மலருக்கும் மட்டும் படத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுங்கள். அச்சிட்டு விற்பதற்குத் தனி ஒப்பந்தம்.

சுவர் வாடகை, பங்கேற்புக் கட்டணம் என்று கேட்கிறார்கள்?

உங்களிடம் முன்பணம் வாங்கும் இடத்துக்கு உங்கள் ஓவியம் விற்றாலும் ஒன்றுதான், விற்காவிட்டாலும் ஒன்றுதான். கலைஞர்கள் கூட்டாக நடத்தி, செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் இடங்கள் வேறு. மற்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏதோ சரியில்லை என்று எப்போது உணர வேண்டும்?

பணம் தாமதமாவது முதல் அடையாளம், அதுவும் காரணம் ஒவ்வொரு தடவையும் மாறும்போது. பழைய ஊழியர்கள் ஒவ்வொருவராகப் போவது, கண்காட்சிகள் தள்ளிப்போவது, உங்கள் படைப்பு 'கிடங்கில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் காட்ட மறுப்பது. மற்ற கலைஞர்களிடம் பேசுங்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தாமதம் என்று நினைத்துக்கொண்டு வாய் மூடி இருப்பதால்தான் இவை நீள்கின்றன.

சந்தேகம் வந்த வாரமே நேரில் போங்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். விற்காதவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். விற்றவற்றுக்கான தொகையைத் தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். கேலரி கதவு பூட்டிய பிறகு போடும் வழக்கைவிட, திறந்திருக்கும்போது வண்டியில் ஏற்றி வந்த ஓவியம் மேலானது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். எழுத்தில் எதுவும் இல்லை. இனி என்ன செய்வது?

இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சண்டை தொனி வேண்டாம், கணக்கைச் சரிபார்ப்பது போல இருக்கட்டும். கேலரியை நடத்துகிறவரை நீங்கள் எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழைத்துத் தொடங்குங்கள். இப்படி எழுதலாம்:

"என் பதிவேட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். என் கணக்குப்படி கீழ்க்கண்ட ஏழு படைப்புகள் இப்போது உங்களிடம், விற்றுத் தருவதற்காக, என் உடைமையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் விலையும் விற்ற தொகையில் எனக்குச் சேர வேண்டிய பங்கும் எதிரில் குறித்திருக்கிறேன். இந்தப் பட்டியல் சரிதானா என்று பார்த்துப் பதில் அனுப்புங்கள். ஏதாவது விற்றிருந்தால் தேதியும் விலையும் தெரிவியுங்கள். அடுத்த வாரம் நேரில் வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்."

"ஆமாம், சரிதான்" என்று ஒரு வரி பதில் வந்தால் அதுவே உங்கள் முதல் ஆவணம். அச்செடுத்துப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே கடிதத்தை, நேரில் வரும் நாளை மட்டும் புதிதாகக் குறித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்பிவிட்டு, சொன்ன நாளில் போய் நில்லுங்கள். கேமராவையும், சாட்சிக்கு ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.